நுவரெலியாக் குளிரில் ஈ.கோலை பிளாஸ்மிட்டை ஏற்கவில்லை: எந்தப் படியில் பார்ப்பது?

தேயிலைமலை_உயிரியல் கேட்டது:

வணக்கம். நுவரெலியாவில் ஒரு சிறிய கற்பித்தல் ஆய்வுகூடம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு பக்டீரியா நிலைமாற்றத்தை, அதாவது வெளி டி.என்.ஏ.யைக் கலத்துக்குள் ஏற்றுவதை, செய்து காட்ட வேண்டும். கலம் டி.எச்.5 அல்பா (ஈ.கோலையின் ஆய்வுகூட வகை), பிளாஸ்மிட்டு (சிறிய வட்ட டி.என்.ஏ.) அம்பிசிலின் எதிர்ப்புப் பரம்பரையலகுள்ள பி.யூ.சி.19.

செய்முறை இதுதான். இரவு முழுக்க வளர்ந்த வளர்ப்பில் 1 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் எல்.பி. (பக்டீரியா வளர்க்கும் வழமையான திரவ) ஊடகத்தில் இட்டு, 37 பாகை ஷேக்கரில் இரண்டரை மணி நேரம். பிறகு ஐஸில் 10 நிமிடம், மையநீக்கியில் சுழற்றி, 100 மில்லிமோலார் கல்சியம் குளோரைட்டில் கரைத்து ஐஸில் அரை மணி நேரம், திரும்பச் சுழற்றி, 2 மில்லிலீற்றர் கல்சியம் குளோரைட்டில் எடுக்கிறோம். 1.5 மில்லிலீற்றர் ரியூபில் 100 மைக்கிரோலீற்றர் கலம், 10 நனோகிராம் பிளாஸ்மிட்டு, ஐஸில் 30 நிமிடம், 42 பாகை நீர்த்தொட்டியில் 90 செக்கன். உடனே 900 மைக்கிரோலீற்றர் எல்.பி., மேசையில் ஒரு மணி நேரம், பிறகு அம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி (மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம்) கலந்த தட்டில் 100 மைக்கிரோலீற்றர் பரப்புகிறோம்.

அம்பிசிலின் இல்லாத தட்டில் கலங்கள் இடைவெளி இல்லாமல் மூடி வளர்கின்றன. அம்பிசிலின் தட்டில் மூன்று நான்கு கொலனி, சில வேளை ஒன்றும் இல்லை. இதே செய்முறையும் இதே பிளாஸ்மிட்டும் கண்டியில் நூற்றுக்கணக்கில் கொலனி தருகின்றன. எங்களிடம் மைனஸ் 80 பெட்டியோ திரவ நைதரசனோ இல்லை. பிரிஜ்ஜும் ஐஸும் மட்டும்தான். கிருமியழிப்புக்கு 15 பி.எஸ்.ஐ. பிரஷர் குக்கர். ஊடகத்தில் அவ்வப்போது வேறு நுண்ணங்கியும் முளைக்கிறது.

எந்தப் படியைச் சந்தேகிக்க வேண்டும்? 42 பாகையில் கலத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கும் சரியான பதில் வேண்டும்.

---

மகாவலி_நுண்ணங்கி:

முதலில் கணக்கைப் பாருங்கள், அப்போதுதான் எவ்வளவு இழப்பு என்று தெரியும். 10 நனோகிராமை மொத்தம் 1 மில்லிலீற்றரில் வைத்து அதில் பத்திலொரு பங்கைப் பரப்புகிறீர்கள். ஆகவே தட்டில் இருப்பது 1 நனோகிராம், அதாவது 0.001 மைக்கிரோகிராம். 4 கொலனி என்றால் மைக்கிரோகிராமுக்கு 4000. சாதாரண கல்சியம் குளோரைட்டு முறை 10⁵ முதல் 10⁶ வரை தர வேண்டும். உங்கள் தட்டில் குறைந்தது 100 கொலனி இருந்திருக்க வேண்டும். இத்தனை மடங்கு இழப்பை ஒரே படியில் தேடாதீர்கள். இந்த வேலையில் இழப்புகள் ஒன்றையொன்று பெருக்கும். மூன்று இடத்தில் ஐந்திலொரு பங்காகக் குறைந்தால் மொத்தம் 125 மடங்கு போய்விடும்.

உங்கள் இடத்துக்கு நான் முதலில் கைவைப்பது "மேசையில் ஒரு மணி நேரம்". செய்முறைகளில் "அறை வெப்பநிலை" என்று எழுதுபவர் 25 பாகையை மனதில் வைத்து எழுதுகிறார். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவு. அந்தக் குளிரில் ஈ.கோலை புரதம் ஆக்குவது மிக மெதுவாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் எதற்கு? உள்ளே போன பிளாஸ்மிட்டிலிருந்து பீற்றா-லக்ரமேஸ் நொதியம் உருவாகி, அம்பிசிலினைச் சந்திக்கும் முன் கலம் தயாராவதற்கு. நொதியம் இல்லாத கலம் தட்டுக்குப் போனால் அங்கே பெருக முற்படும்போதே கலச்சுவர் உடைந்து சாகும். ஆகவே எல்.பி.யை முன்பே 37 பாகைக்குச் சூடாக்கி வைத்து ஊற்றுங்கள், ரியூபை 37 பாகையில் ஆட்டியபடி ஒரு மணி நேரம் வையுங்கள். அதே எல்.பி. 100 மில்லிலீற்றருக்கு 1 மோலார் குளுக்கோசு 2 மில்லிலீற்றரும் 1 மோலார் மக்னீசியம் குளோரைட்டு 1 மில்லிலீற்றரும் (இரண்டையும் தனியே வடிகட்டி) சேர்த்தால், நிலைமாற்றத்துக்குப் பின் கலத்தைத் தேற்றப் பயன்படும் எஸ்.ஓ.சி.க்கு நெருங்கிய ஊடகம் கிடைக்கும், இரண்டு மூன்று மடங்கு கூடும். பிற்காலத்தில் கனமைசின் என்ற வேறு நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாறினால் இந்தப் படியில் எந்தச் சலுகையும் கிடையாது. கனமைசின் ரைபோசோமையே தாக்குவதால், எதிர்ப்பு நொதியம் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

அடுத்தது வளர்ச்சி. "இரண்டரை மணி நேரம்" என்று கடிகாரத்தை நம்பாதீர்கள். கண்டியில் ஊடகம் 25 பாகையிலிருந்து 37க்குச் சூடாகிறது, உங்களிடம் 15இலிருந்து. கூம்புக்குடுவையின் பருமன், ஷேக்கரின் வேகம் எல்லாமே நேரத்தை மாற்றும். ஓ.டி. 600 (வளர்ப்பின் கலங்கலை 600 நனோமீற்றர் ஒளியில் அளப்பது) வாசிப்பு 0.35 முதல் 0.4 வரை வரும்போது நிறுத்துங்கள். 0.6ஐத் தாண்டிய கலம் கல்சியம் குளோரைட்டு முறையில் நன்றாக ஏற்காது. உடனே ஐஸுக்குள் குடுவையைச் சுழற்றிக் குளிர வையுங்கள். ஒரு கவனம்: பனிமூட்ட நாளில் குளிர்ந்த குவெட்டின் வெளிச்சுவரில் ஈரம் படியும். துடைக்காமல் வைத்தால் ஓ.டி. பொய்யாகக் கூடும்.

கல்சியம் குளோரைட்டு போத்தலையும் பாருங்கள். நீரற்ற வகை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலைநாட்டு ஈரத்தில் மூடி தளர்ந்திருந்தால் கட்டிபட்டு, பிறகு கசிந்தும் போகும். 1.11 கிராம் நிறுத்ததாக நினைப்பீர்கள், அதில் பாதி தண்ணீராக இருக்கும். இருநீரேற்று வகையை வாங்குங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 1.47 கிராம் 100 மில்லிமோலார் தரும். கண்ணாடிப் பாத்திரத்தில் சவர்க்காரத் துளி ஒட்டியிருந்தாலும் கலமென்சவ்வு கெடும். இதற்கென்று தனிக் குடுவை வைத்து, காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவுவது நல்லது.

வெப்ப அதிர்ச்சியில் 90 செக்கன் என்பது தடித்த சுவருள்ள, வட்ட அடி 14 மில்லிலீற்றர் குழாய்க்கு எழுதப்பட்ட கணக்கு. 1.5 மில்லிலீற்றர் ரியூபுக்கு 45 செக்கன் போதும். அதைவிட முக்கியம், தொட்டியின் முகப்பு 42 காட்டினாலும் ரியூப் நிற்கும் இடத்தில் எவ்வளவு? நீர் சுற்றாத சிறிய தொட்டி, மூடி திறந்தபடி, 15 பாகை அறையில் இருந்தால் மேற்பகுதி சில பாகை குறைந்திருக்கும். ரியூப் தாங்கியின் நடுவில் தனி வெப்பமானியை நிறுத்திப் பாருங்கள். ஐஸிலிருந்து நேரே 42க்கு, 42இலிருந்து நேரே ஐஸுக்கு, அங்கே 2 நிமிடம். இடையில் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது, ரியூபை ஆட்டவும் கூடாது.

மைனஸ் 80 இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி: கல்சியம் குளோரைட்டில் எடுத்த கலத்தை அன்றே பயன்படுத்தாமல், றெஜிபோம் பெட்டியில் ஐஸோடு வைத்து, பெட்டியையே பிரிஜ்ஜுக்குள் வைத்துவிடுங்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் ஏற்புத்திறன் 4 முதல் 6 மடங்கு கூடும் என்று 1979இல் டாகெர்ட், எர்லிச் இருவரும் காட்டினார்கள். இடையில் மின்வெட்டு வந்தாலும் ஐஸ் காப்பாற்றும். 24 மணி தாண்டினால் திறன் திரும்ப இறங்கும். மைனஸ் 20 உறைகூட்டில் மட்டும் வைக்காதீர்கள். மெதுவாக உறையும் பனிப்படிகம் கலத்தைக் கிழித்துவிடும்.

---

பனிமூட்டம்_1870:

மேலே சொன்னவை எல்லாம் சரி. குக்கர் பற்றி நான் சேர்க்கிறேன். "வேறு நுண்ணங்கி முளைக்கிறது" என்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

15 பி.எஸ்.ஐ. என்றால் 121 பாகை என்பது கடல்மட்டத்துக் கணக்கு. குக்கரின் நிறை காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை. நீராவியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது மொத்த அழுத்தம். 1870 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் ஏறக்குறைய 81 கிலோபஸ்கால், கொழும்பில் 101. ஆகவே அதே நிறை இங்கே 117 முதல் 118 பாகை வரைதான் தரும். ஓட்டோகிளேவில் அழுத்தமானியைப் பார்த்து ஓட்டுபவர்கள் 18 பி.எஸ்.ஐ. வரை ஏற்ற வேண்டும், அந்த இயந்திரம் அதற்கு அனுமதித்தால் மட்டும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் 17 போதும். குக்கரின் நிறையை மாற்ற முடியாது, மேலே பாரம் வைக்கவும் கூடாது, வெடிக்கும். நேரத்தைக் கூட்டுங்கள். 10 பாகை குறைந்தால் பத்து மடங்கு நேரம் என்பது வித்திகளுக்கான வழமையான கணக்கு. மூன்றரை பாகைக் குறைவுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வரும். 15 நிமிடத்துக்குப் பதில் 35 நிமிடம் வையுங்கள், 250 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட குடுவைக்கு 45. நிறையைப் போடுமுன் நீராவி 5 நிமிடம் தாராளமாக வெளியேறட்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் சரியாக இருந்தாலும் வெப்பம் வராது.

வெறும் கொதிநீரைக் கிருமியழிப்புக்கு நம்பவே வேண்டாம். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ஏகாரை உருக்க அது போதும், ஏகார் 85 பாகையில் உருகிவிடும். பசிலஸ் வித்தி அசையாது.

அம்பிசிலின் கலக்கும் இடத்தையும் பாருங்கள். குளிர் அறையில் ஏகார் குடுவையின் ஓரம் சட்டென்று கட்டிபடும் என்ற பயத்தில் பலர் 70, 80 பாகையிலேயே அம்பிசிலினை ஊற்றிவிடுகிறார்கள். அதில் மருந்து சிதையும். சிதைந்தால் பிளாஸ்மிட்டு இல்லாத கலமும் முளைக்கும், எது உண்மையான கொலனி என்று தெரியாது. நீர்த்தொட்டியை 50 முதல் 55 பாகைக்கு வைத்து, குடுவையை அதில் அரை மணி நேரம் இருத்தி, பிறகு கலந்து உடனே ஊற்றுங்கள். வெறும் தட்டுகளையும் 37 பாகைப் பெட்டியில் சூடாக்கி வைத்தால் ஏகார் சமமாகப் பரவும்.

16 முதல் 18 மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அதற்குமேல் விட்டால் பெரிய கொலனி வெளிவிடும் பீற்றா-லக்ரமேஸ் சுற்றியுள்ள அம்பிசிலினை அழிக்கும், அந்த வட்டத்தில் பொடிப்பொடியாகத் துணைக்கொலனி தோன்றும். பிள்ளைகள் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

---

தேயிலைமலை_உயிரியல்:

இருவருக்கும் மிக்க நன்றி. அழுத்தக் கணக்கு எங்கள் செய்முறைத் தாளில் எங்குமே இல்லை. நீர்த்தொட்டியில் தனி வெப்பமானி வைத்தோம்: முகப்பில் 42, தாங்கியில் 39.

இன்னும் இரண்டு கேள்வி. கல்சியமும் 42 பாகையும் என்ன செய்கின்றன? இயற்கையில் பக்டீரியாவுக்கு யார் கல்சியம் குளோரைட்டு ஊற்றுகிறார்கள்? மற்றது, இந்தக் குளிரால் நமக்கு ஏதாவது பயன் உண்டா?

---

ஊவா_பரம்பரையலகு:

முதல் கேள்விக்கு நான். இயற்கையில் நடப்பதையும் ஆய்வுகூடத்தில் நடப்பதையும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பெயர் ஒன்று, பொறிமுறை வேறு.

இயற்கையான ஏற்பு ஒரு ஒழுங்கான இயந்திரம். 1928இல் கிரிபித், நியுமோனியாவை உண்டாக்கும் நியுமோகொக்கசில் கண்டது அதைத்தான்: வெப்பத்தால் கொல்லப்பட்ட, உறையுள்ள வகையோடு உயிருள்ள, உறையற்ற வகையைச் சேர்த்து எலிக்கு ஏற்றினார். எலி இறந்தது, உடலில் உயிருள்ள உறையுள்ள வகை இருந்தது. மாற்றியது டி.என்.ஏ. என்பதை 1944இல் ஏவரி, மக்லியொட், மகார்ட்டி மூவரும் நிறுவினர். இவ்வகைப் பக்டீரியாக்களின் மேற்பரப்பில் பைலஸ் என்ற மெல்லிய இழை நீண்டு, வெளியிலுள்ள இரட்டைப் பட்டிகை டி.என்.ஏ.யைப் பிடித்து உள்ளிழுக்கிறது. வாந்திபேதி நுண்ணங்கியில் இது நடப்பதை 2018இல் நுணுக்குக்காட்டியில் நேரடியாகவே படம் பிடித்தார்கள். மென்சவ்வில் உள்ள கொம்-ஈ.சி. என்ற துளைப்புரதம் வழியாக ஒரு பட்டிகை மட்டுமே உள்ளே போகும், மற்றது சிதைக்கப்படும். உள்ளே போன பட்டிகையை ரெக்-ஏ புரதம் நிறமூர்த்தத்தில் ஒத்த இடம் தேடி மாற்றிவைக்கும்.

இந்த இயந்திரம் எப்போதும் இயங்காது. நியுமோகொக்கஸ் ஒரு சிறு பெப்ரைட்டை வெளிவிட்டு, அதன் செறிவு கூடியதும் சில நிமிடங்களில் ஏற்புநிலைக்கு வரும். பசிலஸ் சப்ரிலிஸில் கொம்-கே என்ற ஒழுங்காக்கி தூண்டப்பட்ட 10 முதல் 20 சதவீதக் கலங்கள்தான் ஏற்கும். வாந்திபேதி நுண்ணங்கிக்குக் கைற்றின் வேண்டும், கடலில் நண்டு, இறால் ஓட்டில் இருக்கும் பொருள். ஹீமோபிலஸ் கண்டதையெல்லாம் எடுக்காது, தன் இனத்தின் டி.என்.ஏ.யில் அடிக்கடி வரும் ஒரு குறுந்தொடரை அடையாளம் பார்த்தே எடுக்கும்.

நீங்கள் செய்யும் ஈ.கோலை வேலையில் இவை எதுவும் இல்லை. டி.என்.ஏ.யின் பொசுபேற்றும் ஈ.கோலையின் வெளிமென்சவ்வில் உள்ள லிப்போபொலிசக்கரைட்டும் இரண்டுமே மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். இரட்டை நேரேற்றமுள்ள கல்சியம் அயன் இடையில் நின்று அந்தத் தள்ளுகையை ஈடுசெய்கிறது, டி.என்.ஏ. மேற்பரப்பில் ஒட்டுகிறது. ஐஸில் அரை மணி நேரம் அதற்குத்தான். 0இலிருந்து 42க்கு ஏறும் திடீர் மாற்றம் குளிரில் இறுகிய மென்சவ்வின் ஒழுங்கைக் குலைக்கிறது, ஒட்டியிருந்த டி.என்.ஏ. அப்போது உள்ளே போகிறது. சவ்வைக் கடப்பதன் நுணுக்கங்கள் இன்றும் ஆராய்ச்சியில் இருப்பவை. ஆகவே "துளை திறக்கிறது, டி.என்.ஏ. நுழைகிறது" என்று முடிந்த கதையாகக் கற்பிக்காதீர்கள். கல்சியத்தைப் பயன்படுத்தி ஈ.கோலைக்குள் லம்டா வைரசின் டி.என்.ஏ.யை ஏற்றியது 1970இல் மாண்டலும் ஹிகாவும். 1972இல் கோயன் குழுவினர் அதே வழியில் பிளாஸ்மிட்டை ஏற்றினர்.

இந்த வேறுபாடு கையில் படும் இடம் ஒன்று உண்டு. ஈ.கோலைக்குள் பிளாஸ்மிட்டு இரட்டைப் பட்டிகையாக, வட்டமாகவே போகிறது, அதனால் தங்குகிறது. வெட்டி நீளமாக்கிய டி.என்.ஏ.யை ரெக்-பி.சி.டி. நொதியம் முனையிலிருந்து தின்றுவிடும். பசிலஸில் தலைகீழ்: நிறமூர்த்தத் துண்டு எளிதாகச் சேரும், தனிப் பிளாஸ்மிட்டு வட்டம் ஒரு பட்டிகையாகத் துண்டுபட்டு உள்ளே வருவதால் திரும்ப வட்டமாகாது. பல பிரதிகள் தொடராக இணைந்த பிளாஸ்மிட்டுதான் அங்கே வேலை செய்யும்.

---

மகாவலி_நுண்ணங்கி:

குளிரால் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. 1990இல் இனோவே, நொஜிமா, ஒகயாமா வெளியிட்ட முறையில் கலத்தை 37இல் வளர்ப்பதில்லை, 18 பாகையில் வளர்க்க வேண்டும். கொழும்பில் இதற்கு குளிரூட்டும் ஷேக்கர் வேண்டும், விலை கூடிய இயந்திரம். நுவரெலியாவில் சாதாரண ஷேக்கரை மேசையில் வைத்தாலே 18க்கு அருகில் நிற்கும். பகலில் வெயில் படாத மூலையில் வைத்து, வெப்பமானியைப் பக்கத்தில் மாட்டுங்கள். 16இலிருந்து 20 வரை ஏறி இறங்கினால் பரவாயில்லை, வளரும் நேரம்தான் மாறும்.

ஒரு கரைசல் வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு பைப்ஸ் (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் பொருள்) 0.30 கிராம், கல்சியம் குளோரைட்டு இருநீரேற்று 0.22 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.86 கிராம். பைப்ஸ் அமிலநிலையில் கரையாது, பொற்றாசியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாகச் சேர்த்து பி.எச். 6.7க்குக் கொண்டுவந்தால் தெளியும். அதற்குப் பிறகுதான் மங்கனீசுக் குளோரைட்டு நான்குநீரேற்று 1.09 கிராம். வரிசையை மாற்றினால் காரம் விழும் இடத்தில் மங்கனீசு பழுப்பாகப் படியும், அந்தக் கரைசலை ஊற்றிவிட வேண்டியதுதான். ஓட்டோகிளேவ் வேண்டாம், 0.45 மைக்கிரோமீற்றர் வடிகட்டி.

கலத்தை 250 மில்லிலீற்றர் ஊடகத்தில், 2 லீற்றர் குடுவையில் நன்றாகக் காற்றோட்டமாக வளர்த்து, ஓ.டி. 0.55 வந்ததும் ஐஸில் 10 நிமிடம். மாலையில் தொடங்கினால் மறுநாள்தான் தயாராகும். மெதுவான வளர்ச்சி என்பதால் ஓ.டி.யைத் தவறவிட மாட்டீர்கள், 37 பாகையில் இருபது நிமிடத்தில் எல்லை தாண்டிவிடும். 2500 ஜீயில் 10 நிமிடம் சுழற்றி, 80 மில்லிலீற்றர் கரைசலில் எடுத்து, திரும்பச் சுழற்றி, 20 மில்லிலீற்றரில் எடுத்து, 1.5 மில்லிலீற்றர் டி.எம்.எஸ்.ஓ. (டைமெதைல் சல்பொக்சைட்டு) சேர்த்து ஐஸில் 10 நிமிடம். கலத்தைப் பிப்பெற்றால் அடித்துக் கலக்காமல் குடுவையை மெல்லச் சுழற்றியே கரையுங்கள். மூல முறையில் இது மைக்கிரோகிராமுக்கு 10⁹ அளவு தரும். உங்களுக்கு திரவ நைதரசன் இல்லாததால் அன்றே பயன்படுத்துங்கள், 10⁷ வந்தாலும் கல்சியம் குளோரைட்டு முறையைவிட எவ்வளவோ மேல். குளிரில் வளரும் ஈ.கோலையின் மென்சவ்வில் நிரம்பாத கொழுப்பமிலம் கூடுகிறது. ஏற்புத்திறன் கூடுவதை அதோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

எந்த முறையானாலும் நான்கு தட்டு கட்டாயம். பிளாஸ்மிட்டு இல்லாத கலம் அம்பிசிலினில்: முளைத்தால் மருந்து செத்துவிட்டது. அதே கலம் அம்பிசிலின் இல்லாத தட்டில்: முளைக்காவிட்டால் கலம் செத்துவிட்டது. வெட்டாத பி.யூ.சி.19, 0.1 நனோகிராம்: கலத்தின் திறனை அளக்க. கடைசியாக உங்கள் மாதிரி. நீங்கள் 10 நனோகிராம் போட்டும் பார்க்க முடியாததை, நல்ல கலம் 0.1இலேயே காட்டும்.

---

பனிமூட்டம்_1870:

கழிவு பற்றியும் செய்முறைத் தாளில் எழுதிவிடுங்கள். நமது ஆய்வுகூடத் தொட்டி நீர் ஓடைக்குப் போகும், ஓடை மகாவலிக்கோ களனிக்கோ போகும். கிரிபித்தின் பரிசோதனையே காட்டியதுபோல, கலம் செத்தாலும் டி.என்.ஏ. வேலை செய்யக் கூடியது, ஓடைச் சேற்றில் இயற்கையாகவே ஏற்கும் பக்டீரியாக்கள் உண்டு. ஆகவே திரவ வளர்ப்பில் ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் வீட்டுக் குளோரின் பிளீச்சை ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள், அது கலத்தையும் கொல்லும், டி.என்.ஏ.யையும் சிதைக்கும். தட்டுகளை குக்கரில் 45 நிமிடம் வைத்த பிறகே குப்பைக்கு. பிளீச் ஊற்றிய எதையும் குக்கரில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.